கடிகாரமில்லாத ஒரு வாரம்: பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்து நெடுந்தூர சைக்கிள் அன்பர்களே,

2027ஆம் ஆண்டின் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பெருஞ்சவாரியில் கலந்துகொள்ள வேண்டுமென்ற சங்கல்பத்தோடு, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இன்னும் பல ஊர்களிலும், பொழுது புலருமுன் எழுந்து, விளக்கையும் தண்ணீர்ப் புட்டியையும் பொருத்திக்கொண்டு, 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று படிப்படியாகத் தூரத்தைக் கூட்டிச் சாதகம் செய்துவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நான் செய்யவிருக்கும் விண்ணப்பம் ஒன்றே ஒன்று. சவாரி முடிந்த கையோடு விமானம் ஏறிவிடாதீர்கள். ஒரு வாரம் அந்நாட்டிலேயே தங்கி, மோட்டார் வண்டிகள் நுழையாத நாட்டுப்புற வழிகளில், கால்வாய்க் கரைகளிலும் திராட்சைத் தோட்டங்களின் ஊடேயும், சாவகாசமாகச் சஞ்சரித்துவிட்டுத் திரும்புங்கள் என்பதே அது. அதற்குரிய நியாயங்களைச் சற்று விஸ்தாரமாகவே எடுத்துரைக்க உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

நீங்கள் மேற்கொள்ளும் சவாரியின் கௌரவத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1891ஆம் ஆண்டில், 'லெ பெத்தி ஜூர்னால்' என்னும் பத்திரிகையைச் சேர்ந்த பியர் ஜிஃபார் என்பவரின் முயற்சியால் முதன்முதல் நடந்த அந்தப் பந்தயத்தில், ஷார்ல் தெரோன் என்ற வீரர் ஏறத்தாழ 71 மணி நேரத்தில், உறக்கத்தை அறவே துறந்து, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போய்த் திரும்பினார். பந்தயம் என்ற தன்மை பின்னாளில் மறைந்து, இன்று அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஒரு விரதமாக, நான்காண்டுகளுக்கு ஒருமுறை, பாரிஸின் ஔடாக்ஸ் சங்கத்தாரால் நடத்தப்பெறுகிறது. சுமார் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் உலகத்தார் மதிப்பைப் பெறுகிறார்கள். இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அதற்குச் சென்றுவந்திருப்பது நமக்குப் பெருமைதான்.

ஆயினும், அந்த 90 மணி நேரத்தில் நீங்கள் காணப்போவது எத்தகைய பிரான்ஸ் என்பதைச் சிறிது யோசித்துப் பாருங்கள். வழியில் பாதி இருளில் கழியும். முன்னே செல்பவரின் சிவப்பு விளக்கும், கைப்பிடிமேல் ஒளிரும் கருவியின் எண்களும், அடுத்த சோதனைச் சாவடியில் முத்திரை பெறவேண்டிய நேரமுமே புலன்களை ஆக்கிரமித்துக்கொண்டிருக்கும். பிரித்தானிப் பிரதேசத்துக் குடியானவர்கள், முன்பின் அறியாத உங்களுக்காக நள்ளிரவிலும் வாசலில் மேஜை போட்டு, காப்பியும் கிரேப் என்னும் மெல்லிய அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து நான்கு வார்த்தை பேசலாமென்றாலோ, கடிகாரம் இடங்கொடாது. இவ்வளவு தூரம் கடல்கடந்து போய், ஒரு தேசத்தின் தெருப் பலகைகளை மாத்திரம் படித்துவிட்டுத் திரும்புவது தகுமா என்பதுதான் என் கேள்வி.

வேகத்துக்கு இலக்கணம் வகுத்த அந்த நாட்டிலேயே நிதானத்துக்கும் ஓர் ஆசாரியர் தோன்றினார். 'வெலோசியோ' என்ற புனைபெயரால் வழங்கப்பெற்ற போல் த விவி என்பவரே அவர். 1853இல் தென்பிரான்சில் பிறந்து, சாங்-எத்தியென் நகரில் பட்டு வியாபாரம் செய்துவந்த அவர், அதை விட்டொழித்துச் சைக்கிளே கதியென்று கொண்டு, 1887 முதல் 'லெ சிக்லிஸ்த்' என்னும் பத்திரிகையை நடத்தி, சைக்கிளில் ஊர்சுற்றுவதை ஒரு வாழ்க்கை நெறியாகவே போதித்தார். மாமிசம் தவிர்த்தவர், மலையேற்றத்தில் சாமானிய மனிதனின் முழங்கால் நோகாதிருக்க, சங்கிலியைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றும் கியர் அமைப்பு வேண்டுமென்று இடைவிடாது வாதாடியவர். வீம்புக்காக மிதிக்கலாகாது என்பது அவர் விதித்த நெறிகளுள் ஒன்று. தூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தோற்றுவித்த ஆன்ரி தெக்ராஞ்சோ, கியர் மாற்றுவது வீரத்துக்கு இழுக்கு என்ற அபிப்பிராயமுடையவர். அந்தப் பந்தயத்தில் அத்தகைய சாதனம் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வெலோசியோ காலமாகிவிட்டார். இன்று உங்கள் சைக்கிள்களில் இருக்கும் கியர்கள் யாருடைய கட்சி வென்றது என்பதற்குச் சாட்சி. அவர் பரிந்து பேசிய சாதனத்தை ஏற்றுக்கொண்ட நாம், எதற்காக அவர் அதை விரும்பினாரோ அந்தப் பிரயாண முறையையும் ஒருமுறை பரீட்சித்துப் பார்ப்பது நியாயமே.

இதனோடு சாலையின் வரலாற்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1891இல் தெரோன் ஓட்டியது தார்ச்சாலையில் அன்று. அக்காலத்துப் பிரெஞ்சுச் சாலைகள், பதினெட்டாம் நூற்றாண்டில் திரேசாகே என்னும் பொறியாளர் வகுத்த வழியிலும், அதன்பின் மக்காடம் முறையிலும், கல்லை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கப்பட்டவை. வெயிலில் புழுதியும் மழையில் சேறுமாய்க் கிடந்தவை. மோட்டார் வண்டிகள் வந்து அப்புழுதியை வானளாவக் கிளப்பத் தொடங்கியபோது, 1902இல் மொனாக்கோவில் குல்யெல்மினெத்தி என்ற வைத்தியர் சாலைமேல் தார் ஊற்றிப் பார்த்தார். புழுதி அடங்கியது, அது அடங்கவே வண்டிகளின் வேகம் அடங்காததாயிற்று, வேகம் மிகவே, புழுதியைப் பொறுத்துக்கொண்டு நெடுஞ்சாலையை ஆண்டுவந்த சைக்கிள்காரன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான். இப்போது 'கிராவல் சைக்கிள்' என்ற பெயரில் விற்பனையாகும் வண்டி, வளைந்த கைப்பிடியும் அகன்ற டயரும் இலேசான கியர்களும் கொண்டு, தார் பூசப்படாத தரையில் செல்வதற்கென்றே அமைந்தது. உங்கள் சவாரியைத் தொடங்கிவைத்த முதல் தலைமுறையினர் அனுபவித்த தரைக்கே அது நம்மைத் திரும்ப அழைத்துச் செல்கிறது. அவர்கள் அறிந்திராத வசதி என்னவென்றால், அத்தரையின் பெரும்பகுதியில் இன்று மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை.

அத்தகைய தரை பிரான்சில் மூன்று விதங்களில் எஞ்சியிருக்கிறது. ஒன்று, குதிரைகள் படகுகளை இழுத்துச் சென்ற கால்வாய்க் கரையின் இழுவைப் பாதை. மற்றொன்று, தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பழைய இரயில் தடம். மூன்றாவது, வயலுக்கும் தோட்டத்துக்கும் போய்வர ஏற்பட்ட கிராமாந்தர வண்டிப்பாதை. இவற்றுள் முதலிரண்டையும் அரசாங்கத்தாரும் ஊராட்சிகளும் சீர்திருத்தி 'வுவா வெர்த்', அதாவது பசுமைவழி, என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பர்கண்டிப் பிரதேசத்தில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை, இரயில் நின்றுபோன தடத்தில் 44 கிலோமீட்டர் நீளத்துக்கு 1997இல் திறக்கப்பட்டதே இவ்வகையில் முன்னோடி. 2004இல் போக்குவரத்துச் சட்டத்திலேயே இதற்கு இடம் கிடைத்தது. நடப்போர், சைக்கிளில் செல்வோர், குதிரைமேற் செல்வோர் ஆகியோருக்கே இவ்வழிகள் உரியவை.

முதலில், நீங்கள் போகும் வழிக்கு அருகிலேயே இருப்பதைச் சொல்கிறேன். லுதெயாக், கரே என்ற ஊர்கள் உங்கள் சவாரியில் வருபவை. அவற்றிலிருந்து அதிக தூரமில்லாமல், நாந்த் நகரிலிருந்து பிரெஸ்ட் நோக்கிச் செல்லும் கால்வாய் ஒன்று ஏறத்தாழ 360 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. ஆங்கிலேயக் கப்பற்படை பிரெஸ்டைக் கடல்வழியாக முற்றுகையிட்டிருந்த காலத்தில், துறைமுகத்துக்கு உள்நாட்டு வழியாகவே தளவாடங்களைக் கொண்டுசேர்க்கும்பொருட்டு நெப்போலியன் இதை உத்தேசித்தான். 1811இல் தொடங்கிய வேலை 1842இல்தான் ஒருவாறு முடிந்தது. அதற்குள் நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை. க்லொமெல் என்னுமிடத்தில் மேட்டைக் குடைந்து வெட்டிய ஆழமான அகழி, பிரெஸ்ட் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் ஆனது. அதன் நிழலில் சைக்கிளை மெல்ல உருட்டிச் செல்லும்போது, அக்கைதிகளை நினையாமல் கடப்பது இயலாது. ஜோஸ்லேன் என்ற ஊரில் ரோஹான் பிரபுக்களின் கோட்டை நேரே நீரிலிருந்து எழுந்து நிற்கிறது. 1930இல் எழும்பிய கெர்லெதான் அணை கால்வாயின் நடுப்பகுதியை மூழ்கடித்துவிட்டபடியால், அங்கே மட்டும் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மற்றபடி, இறுகிய மணலும் பொடிச்சரளையுமான அக்கரை, களைத்த கால்களுக்கு நல்ல வைத்தியம். பெருஞ்சவாரியின்போது இரவில் இதன் பக்கமாகவே நீங்கள் விரைந்து போவீர்கள். பகலில் திரும்பி வந்து பார்க்கத் தகுந்தது.

ஆனால் ஒரு வாரமும் ஒரே வழிக்கென்று ஒதுக்கச் சித்தமாயிருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது தெற்கேயுள்ள கனால் த்யு மிதி. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ காயல்வரை 240 கிலோமீட்டர் செல்லும் இக்கால்வாயின் கதை, எந்த வீர சரித்திரத்துக்கும் குறைந்ததன்று. அட்லாண்டிக் கரையிலிருந்து மத்தியதரைக் கரைக்குச் சரக்கு கொண்டுசெல்ல ஸ்பெயின் தேசத்தையே சுற்றவேண்டியிருந்த காலம் அது. குறுக்கே கால்வாய் வெட்டலாம் என்ற யோசனை பழையது; மேட்டின் உச்சியில் தண்ணீருக்கு எங்கே போவது என்பதில்தான் அத்தனை பேருடைய யோசனையும் தடைப்பட்டு நின்றது. பெஸியே நகரத்தவரும், உப்பு வரி வசூலிக்கும் உத்தியோகத்தவருமான பியர்-போல் ரிக்கே அதற்கு விடை கண்டார். மோன்தாஞ் நுவார் மலையின் ஓடைகளைத் திரட்டி, சாங்-ஃபெரியோல் என்னுமிடத்தில் பெரிய மண்ணணை கட்டித் தேக்கி, வரத்துக் கால்கள் மூலம் நோரூஸ் என்ற நீர்பிரி மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், அங்கிருந்து தண்ணீர் ஒருபுறம் அட்லாண்டிக்கை நோக்கியும் மறுபுறம் மத்தியதரைக் கடலை நோக்கியும் தானே இறங்கும் என்று அவர் காட்டினார். ஏரியும் வரத்துக்காலும் பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

மந்திரி கொல்பேரின் ஆதரவால், 1666இல் பதினான்காம் லூயி மன்னனின் ஆணை கிடைத்தது. ஆண்களும் பெண்களுமாக 12,000 பேர்வரை வேலைசெய்த அப்பெரும்பணிக்கு ரிக்கே தம் சொந்தச் செல்வத்தையும் கொட்டிக் கடனாளியானார். கால்வாய் திறக்கப்பட்டது 1681 மே மாதத்தில். அவர் கண்மூடியதோ 1680 அக்டோபரில். படகுகளை ஏற்றியிறக்க அவர் வகுத்த மதகுத் தொட்டிகள் நேர்ச்சுவராக இராமல் முட்டை வடிவமாக வளைந்திருக்கும். மண்ணின் அழுத்தத்தை வளைவு தாங்கும் என்பது காரணம். பெஸியே அருகே ஃபோன்ஸெரானில் இத்தகைய எட்டுத் தொட்டிகள் படிக்கட்டுப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, 21 மீட்டருக்கு மேல் படகை ஏற்றி இறக்குகின்றன. படகு ஏறும் நேரத்தில் சைக்கிளைப் புல்தரையில் சாய்த்துவிட்டு அதை முழுவதும் பாருங்கள். உங்களுக்கு அவசரம் இல்லை.

ஃபோன்ஸெரானுக்கு மேற்கே, ஆர்ஜான் வரையில், சுமார் 54 கிலோமீட்டருக்கு ஒரு மதகுத் தொட்டிகூட இல்லை. நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு கால்வாய் வளைந்து வளைந்து போகிறது. ஏற்றமும் இறக்கமும் இன்றி, நொடிக்கொரு காட்சியாகத் திராட்சைக் கொல்லைகளும் ஓட்டுக்கூரைக் கிராமங்களும் திரும்பித் திரும்பி வரும் அந்தப் பகுதி, கிராவல் சைக்கிளுக்கென்றே செய்துவைத்தாற் போன்றது. அதன் நடுவே மால்பா குன்றைக் குடைந்து 1679இல் ரிக்கே அமைத்த சுரங்கம் இருக்கிறது. படகுப் போக்குவரத்துக்கென்று ஐரோப்பாவில் வெட்டப்பட்ட முதற் சுரங்கம் அதுவே என்பர். விசேஷம் என்னவென்றால், அதே குன்றின் வயிற்றில் அதற்குக் கீழே இரயில் சுரங்கம் ஒன்றும், அதற்கும் கீழே, மோந்தாதி ஏரியை வற்றவைப்பதற்காகப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய வடிகால் ஒன்றும் செல்கின்றன. குன்றின்மேல் ஏறி நின்றால், வற்றிய அந்த ஏரியின் வயல்கள் ஒரு மையத்திலிருந்து கதிர்களாய்ப் பிரிந்து, வட்டமாகப் பரந்து கிடப்பதைக் காணலாம். மூன்று யுகத்து மனிதர்கள் ஒரே குன்றில் மூன்று காரணங்களுக்காகத் துளையிட்டுச் சென்ற செய்தியை 90 மணி நேரக் கணக்கில் ஓடுகிறவன் அறிந்துகொள்ளுவது எங்ஙனம்?

அமெரிக்காவின் பிரதிநிதியாக அந்நாளில் பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன், 1787இல் இக்கால்வாய் வழியே பிரயாணம் செய்தார். தம் வண்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் படகின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, மனம் வந்தபோது அதில் உட்கார்ந்தும், மனம் வந்தபோது இறங்கிக் கரையோரம் நடந்தும், குதிரையின் நடைக்கு ஏற்ற வேகத்தில் துலூஸ் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் ஒரு நாட்டின் குடியரசுத் தலைவராகும் அளவுக்குக் காரியங்கள் காத்திருந்த மனிதருக்கே அதற்கு நேரம் இருந்தது.

கால்வாய்க் கரையின் புகழ்பெற்ற பிளேன் மரங்களைப் பற்றி ஒரு வருத்தமான செய்தியையும் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நட்டு வளர்த்த நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் இருபுறமும் கூரையிட்டாற்போல் நின்றன. 2006இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து இல்லாத அந்நோய், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சேனை கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தோடு ஐரோப்பாவுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. பல்லாயிரம் மரங்கள் வெட்டி எரிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் இடத்தில் ஓக் முதலிய வேறு சாதிக் கன்றுகள் நடப்படுகின்றன. ஆகவே, படங்களில் கண்ட நிழலை எங்கும் எதிர்பார்க்காதீர்கள். நிழல் இருக்கும் பகுதிகளை இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இனி திராட்சைத் தோட்டங்கள். தெற்கே மினெர்வுவா பிரதேசத்தில் கால்வாயை ஒட்டியே அவை இருக்கின்றன என்றாலும், தோட்டத்தின் உள்ளேயே நுழைந்து போக விரும்புவோர் பர்கண்டிக்கு வரவேண்டும். போன் நகரிலிருந்து பொம்மார், வோல்னே, மெர்சோ, ப்யுலிஞி-மோன்ராஷே ஆகிய கிராமங்களின் வழியாகச் சாந்த்னே வரை, 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துக்கு, 'வுவா தே வீஞ்' என்ற வழி அடையாளமிடப்பட்டிருக்கிறது. அது பெரும்பாலும் கெட்டித்தரை. அதிலிருந்து சரிவின்மேல் ஏறும் கிளைவழிகளில்தான் வெண்சுண்ணாம்புக் கல்லும் செம்மண்ணும் டயருக்குக் கீழே நெறியும். சாந்த்னேயில் இறங்கினால் கனால் த்யு சாந்த்ர் என்னும் மற்றொரு கால்வாயின் கரை வந்து சேர்ந்துகொள்கிறது. எனவே தோட்டமும் நீர்வழியும் ஒரே நாளில் கைகூடும்.

அங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர், தனி எல்லை, தனிக் கீர்த்தி உண்டு. 'க்ளிமா' எனப்படும் இத்துண்டுகள் 1,247. 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. போனுக்கு வடக்கே, சீத்தோ மடத்துத் துறவிகள் மதில் வளைத்த க்ளோ த வூஜோ என்னும் தோட்டம், ஐம்பது ஹெக்டேர்தான். இன்று அதற்கு ஏறத்தாழ 80 உடைமையாளர்கள். இந்நிலங்களின் இன்றைய ஒழுங்குக்குப் பின்னாலும் ஒரு துன்பம் மறைந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் அவை மீட்கப்பட்டன. அதற்கு முன் நெருக்கமாகவும் ஒழுங்கின்றியும் நடப்பட்டிருந்த கொடிகள், மறுநடவின்போதுதான் குதிரைக் கலப்பை போவதற்கு வசதியாக வரிசை வரிசையாக அமைந்தன. நீங்கள் கண்டு வியக்கப்போகும் அந்த நேர்கோடுகள், அழிவுக்குப்பின் எழுந்தவை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கடமையையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மோட்டார் வண்டி இல்லாத வழி என்பதனால் அது ஆளில்லாத வழி என்று ஆகிவிடாது. உங்கள் சவாரி ஆகஸ்டில் நடப்பது வழக்கம். அதையடுத்து வரும் வாரங்கள் திராட்சை அறுவடையின் காலம். கொடி வரிசைமேல் கால்பரப்பிச் செல்லும் உயரமான டிராக்டரும், பறிப்பவர்களை ஏற்றிய வண்டிகளும் குறுகிய வழிகளில் வரும். அவை உழைப்புக்குப் போகின்றன, நாம் உல்லாசத்துக்குப் போகிறோம். ஒதுங்கி நிற்க வேண்டியது நாமே. பழத்தில் கைவைக்கலாகாது. கிளைவழிகளில் சில தனியாருக்குச் சொந்தமானவை. தடைப்பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். கால்வாய்க் கரையில் தூண்டிற்காரர்களின் நீண்ட கோல்கள் வழிக்குக் குறுக்கே நீண்டிருக்கும்; படகை முளையில் கட்டிய கயிறு புல்லில் மறைந்து கிடக்கும்; முதியோரும் குழந்தைகளும் நடந்துவருவார்கள். மணியடித்து விரட்டாமல், வேகத்தைத் தணித்து, 'போன்ஜூர்' என்று சொல்லிக் கடப்பது அவ்வூர்ச் சம்பிரதாயம். தோட்டக்காரர் ஒரு கோப்பை நீட்டினாரானால், இசைவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு அந்நாட்டில் சைக்கிள்காரருக்கும் உண்டு என்பதை மட்டும் மறவாதீர்கள்.

சாதனத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். பெருஞ்சவாரிக்கு நீங்கள் பூட்டும் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர், பிரித்தானிக் கால்வாய்க் கரைக்கும் பர்கண்டிக் கெட்டித்தரைக்கும் போதும். கனால் த்யு மிதியில், துலூஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்குத் தார்வழி. அதற்கப்பால் ஓத் மாவட்டத்தில் பல இடங்களில் ஒற்றையடித் தடமும் கல்லும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளேன் மரத்து வேர்ப்புடைப்புகளும் உண்டு. அங்கே 40 மில்லிமீட்டர் அளவுள்ள டயரும் குறைந்த காற்றழுத்தமும் இருந்தால்தான் மணிக்கட்டு பிழைக்கும். உங்கள் வண்டியின் ஃபோர்க்கில் அதற்கு இடமில்லையானால், துலூஸில் வாடகைக்கு எடுப்பதே மேல். துலூஸிலிருந்து கடலை நோக்கிப் போவதே உசிதம். வடமேற்கிலிருந்து வீசும் 'செர்' என்ற காற்று அநேகமாக முதுகைத் தள்ளிக்கொடுக்கும். கடற்புறத்திலிருந்து எதிர்க்காற்று எழும் நாள்களும் உண்டு. அன்றைக்குத் தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கணக்குக் கேட்பார் யாரும் இல்லை.

குடிநீர் தீர்ந்தால் கிராமத்து மயானத்தைத் தேடுங்கள். மலர்களுக்கு நீர்வார்க்க அங்கே குழாய் இருக்கும். நண்பகலில் கடைகள் அடைத்துவிடும். திங்கட்கிழமைகளில் ரொட்டிக் கடையே திறவாத ஊர்கள் பல. ஆதலால் காலையிலேயே ரொட்டியும் பாலடைக்கட்டியும் பழமும் வாங்கிக் கட்டிக்கொள்வது விவேகம். சைவ உணவினருக்கு, சிற்றூர் உணவுவிடுதியைவிட இந்தக் கட்டுச்சோறே உத்தமம். பிரதேச இரயில்களில் சைக்கிளைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றலாம். சில தடங்களில் கோடைக்கு முன்பதிவு தேவை. விரைவு இரயிலான தெ-ஜே-வேயில் அதற்கு இடம் பதிவு செய்யவேண்டும், அல்லது பிரித்துப் பையில் போடவேண்டும். விமானப் பிரயாணத்துக்கென்று நீங்கள் வைத்திருக்கும் பையே அதற்கும் ஆகும்.

உங்கள் ஆட்சேபணைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. விடுப்பு கிடைப்பது அருமை. செலவு ஏற்கெனவே கைமீறியிருக்கும். 90 மணி நேரம் சரிவர உறங்காத உடம்பு ஓய்வைத்தான் கேட்கும். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் விமானக் கட்டணமும் விசாக் கட்டணமும் எப்படியும் கொடுத்தாகிவிட்டது. நகரசபைகளே நடத்தும் கூடார மனைகள் பல சிற்றூர்களில் உண்டு. நாளைக்கு 40 கிலோமீட்டர், அதுவும் சமதரையில், மெல்ல மிதிப்பது தளர்ந்த தசைகளுக்கு ஓய்வேயாகும். விடுப்பைப் பற்றி மட்டும் நான் சொல்வதற்கு இல்லை. ஆனால் பிரான்சில் உழைப்பாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை 1936இல் சட்டமானபோது, எத்தனையோ எளிய தம்பதிகள் இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் ஏறி, முதன்முறையாகக் கடலைப் பார்க்கப் புறப்பட்டார்கள். உழைப்பவனுக்கு ஓய்வும் உரிமையே என்பதை அந்தச் சாலைகள் அறியும்.

ஓர் ஐயம் உங்களுள் சிலருக்கு எழலாம்: தூரத்தையும் நேரத்தையும் அளந்து வெல்வதில் பழகிய மனம், அளவற்ற சவாரியில் சலித்துப்போகாதா என்று. போகாது என்பதே என் முடிவு. நெடுந்தூர சவாரி உடம்பின் எல்லையை உங்களுக்கு அறிவிக்கிறது. அது பெரிய ஞானந்தான். ஆனால் அந்த எல்லைக்கு வெளியே, மதகைத் திறப்பவரும் கொடி கத்தரிப்பவரும் தூண்டில் போடுபவரும் தத்தம் காரியத்தைச் செய்துகொண்டு வாழும் உலகம் ஒன்று இருக்கிறது. அதை அறிவதற்குச் சைக்கிளைவிடத் தகுந்த வாகனம் இல்லை. நடந்தால் தூரம் கைகூடாது, மோட்டாரில் போனால் மனிதர் கைகூடார். அப்படிப்பட்ட வாகனத்தை வைத்துக்கொண்டு அதன் பாதி உபயோகத்தை மாத்திரம் பெறுவது, நமக்கு நாமே செய்துகொள்ளும் நஷ்டம்.

ஆகவே நண்பர்களே, தகுதிச் சவாரிகளை முடித்து, பெயரைப் பதிவு செய்து, விமானச் சீட்டு வாங்க உட்காரும் அன்று, திரும்பும் தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். சங்கத்தில் நாலைந்து பேர் இசைந்தால் போதும், சேர்ந்து போங்கள். போய்வந்த பிறகு, எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்று மற்றவர்கள் கேட்பார்கள். எங்கெங்கே நின்றீர்கள் என்று நான் கேட்பேன். அதற்கு விடை சொல்லும் விதமாகச் சென்று வாருங்கள்.

உங்கள் சவாரி இனிதே நிறைவேற வாழ்த்தும்,
சைக்கிள் அன்பன் ஒருவன்